வரிசை எண்ணைப் பார்த்து எழுதுவது குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உரிமம் புதுப்பிக்கும் முன் சரிபார்க்கவும், தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கவும் எங்கள் கடைக்கு வரும் கைத்துப்பாக்கிகள் சிலவற்றில், உரிமத்தில் எழுதியுள்ள எண்ணும் துப்பாக்கியில் பொறித்துள்ள எண்ணும் ஒத்துப்போவதில்லை. பெரும்பாலும் யாரோ என்றோ தவறான எண்ணைப் பார்த்து எழுதியதே காரணம்.

அண்மையில் ஒருவர் தம் தந்தையாரின் .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரைக் கொண்டுவந்தார். தோட்டாக்களை இடும் சிலிண்டரைத் திறந்தால் அதைத் தாங்கும் உலோகக் கையிலும், அந்தக் கை வந்து பொருந்தும் ஃபிரேம் (துப்பாக்கியின் உடற்பகுதி) பள்ளத்திலும் ஒரே எண் இருந்தது. உரிமத்திலும் அதுவே இருந்தது. இரண்டு இடங்களில் ஒரே எண்ணைக் கண்டால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். ஆனால் அது பாகங்கள் மாறிப்போகாமலிருக்கத் தொழிற்சாலையில் இட்ட எண். பக்கத்திலிருந்த 31-1 என்பது மாடல் எண். பிற்காலத்தில் மாட்டிய பெரிய மரப்பிடியைக் கழற்றிய பிறகே, பிடியின் அடிப்பகுதியில் உண்மையான வரிசை எண் தெரிந்தது. இதே நிறுவனத்தின் பழைய ‘ரெகுலேஷன் போலீஸ்’ ரிவால்வரில் அது பிடியின் முன்பக்கப் பட்டையில் இருக்கும். கோல்ட் (Colt) நிறுவனத்தின் ரிவால்வர்கள் பலவற்றிலோ, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் நம்மை ஏமாற்றும் அந்தப் பள்ளத்திலேயே வரிசை எண் இருக்கும்!

எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தும் எண்ணின் பகுதியே. அதை விடாமல் எழுதவும். காப்புரிமைத் தேதிகளையும், பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் ‘டன்’ என்று முடியும் அழுத்தச் சோதனை முத்திரையையும் வரிசை எண்ணாகக் கொள்ள வேண்டாம்.

முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். எண் மங்கியிருந்தால் மெல்லிய துணியால் துடைத்து, சாக்கட்டித் தூளை லேசாகத் தடவி, டார்ச் ஒளியைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். உப்புத்தாளால் ஒருபோதும் தேய்க்காதீர்கள். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், 8-ஆம் பிரிவின்படி, எண் அழிக்கப்பட்ட துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ, வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை அவரே அழித்தவராகக் கருதப்படுவார். அத்தகைய துப்பாக்கியை நாங்கள் விற்கவும் இயலாது.

உரிமத்தில் எண்ணைத் திருத்தும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. உரிமம் வழங்கிய அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பும் முன் துப்பாக்கியையும் அசல் உரிமத்தையும் ஒருமுறை கடைக்குக் கொண்டுவந்தால், பிடியைக் கழற்றி எண்ணை உங்கள் கண்முன்னே படித்துக் காட்டுகிறோம். இதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்