மண்வள அட்டையில் வேருக்கும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை மழையில் டெல்டா பருத்தி அழுகியது பற்றிய செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். பழி முழுவதும் மழையின் தலையில் விழுந்திருந்தது. பாதிக் குற்றம் மண்ணுக்குள் இருக்கிறது.

மன்னார்குடி வட்டத்தில் இரண்டு ஏக்கரில் சம்பா அறுத்துவிட்டுப் பருத்தி போடுகிறேன். இந்த வைகாசியில் இடுப்பு உயரச் செடிகளுக்கு நடுவே, முழங்கால் உயரத்தோடு நின்றுபோன செடிகள் நீளவாக்கில் இரண்டு பட்டைகளாக ஓடின. விதை, உரம், களையெடுப்பு எல்லாம் ஒன்றுதான். அப்புறம்தான் உறைத்தது, தையில் ஈரத்தோடு அறுவடை மெஷின் போன தடம் அது. மேலே ரோட்டவேட்டர் ஓட்டி மறைத்துவிட்டேன், அடியில் மறையவில்லை.

ஒரு செடியைச் சுற்றி வெட்டி எடுத்துப் பார்த்தேன். ஆணிவேர் ஒரு சாண் நேராக இறங்கி, அதற்குமேல் வழியில்லாமல் அரிவாள் போல வளைந்து பக்கவாட்டில் போயிருந்தது. அங்கே மண் தட்டுத்தட்டாகப் பெயர்ந்தது. ஒரு புழுத் துளைகூட இல்லை.

நெல்லுக்குச் சேற்றுழவு ஓட்டி ஓட்டி நாமே உண்டாக்கிய படுகைதான் அது, மேல்மண்ணுக்கு அடியில் இறுகிப்போன மண் அடுக்கு. நெல்லுக்கு அது வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் நிற்காது. பருத்திக்கு ஆகாது. மழைநீர் கீழே இறங்காமல் நிற்பதால் வேருக்குக் காற்று இல்லை. அழுகாமல் மிஞ்சிய வேரோ, பத்து நாள் வெயில் அடித்தால் படுகைக்குக் கீழே இருக்கும் ஈரத்தை எட்ட முடிவதில்லை. மெஷின் தடம் இதை இன்னும் இறுக்குகிறது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் அறுவடை நேரத்து மழையில் எத்தனை வயல்கள் இப்படி மிதிபட்டிருக்கும்!

மண்ணை ஆய்வு செய்து அரசு கொடுத்த என் மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல், துத்தநாகம் என்று 12 விவரங்கள் இருக்கின்றன. வேர் உள்ளே போகுமா என்று ஒரு வரி கிடையாது. இதற்கு ஆய்வகம்கூட வேண்டாம், ஒரு கம்பியைக் குத்திப் பார்த்தால் போதும். கொல்லையில் ஒன்றரை அடி சுலபமாக இறங்கும் கம்பி, வயல் நடுவே முக்கால் அடியில் நின்றுவிடுகிறது.

இந்தப் படுகையை உடைக்க, உளிபோல் மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கீறச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போதும். ஆனால் மண் காய்ந்திருந்தால்தான் படுகை நொறுங்கும். ஈரத்தில் ஓட்டினால் அல்வாவைக் கீறினாற்போல் கோடு மட்டும் விழும். எங்களுக்குப் பருத்தி மார் (காய்ந்த செடி) பிடுங்கியபின் சம்பாவுக்கு முன்னால் கிடைப்பது சில நாட்கள்தான். போன ஆடியில் வாடகைக்குக் கேட்டுப் போனபோது இருந்த ஒரே கலப்பையும் வெளியூர் போயிருந்தது. வந்து சேர்ந்த அன்று மழை.

ஆடிக்குள் ஊராட்சிக்கு ஓர் உளிக்கலப்பையாவது வாடகைக்கு இருக்க வேண்டும். ஈர வயலில் அறுக்க டயர் வண்டி வேண்டாம், மண்ணை அவ்வளவாக அழுத்தாத செயின் வண்டிக்கு வாடகை மானியம் கொடுங்கள். மண்வள அட்டையில் அந்தக் கம்பி இறங்கும் ஆழத்தையும் எழுதுங்கள். அடுத்த முறை மண் எடுக்க வருபவரிடம் காட்ட, வளைந்த வேரைத் திண்ணையில் காயவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.