காரைக்குடி வட்டார அர்டுயினோ ஆசிரியர்களுக்கு: அணியை முன்னதாகவே கற்றுக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய கணினி ஆசிரியப் பெருமக்களுக்கு, வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிகளுக்குச் சில ஆண்டுகளாகச் சென்றுவருபவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். அர்டுயினோ ஊனோ என்னும், நிரலெழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையை மாணவர்கள் துணிவோடு கையாள்வதைப் பார்க்கையில் மனம் நிறைகிறது. ஆயினும் அவர்களின் நிரலைத் திறந்தால், விளக்கு1 முதல் விளக்கு8 வரை எட்டுத் தனி மாறிகளும், ஒவ்வொன்றின் கீழும் படியெடுத்து ஒட்டிய அதே நான்கு வரிகளுமே கண்ணில் படுகின்றன. ஒரே வகை மதிப்புகள் பலவற்றை ஒரே பெயரின்கீழ் வரிசையாக வைக்கும் அணி (array) பதினோராம் வகுப்பு சி++ பாடத்தில் வரும், அதுவரை பொறுக்கலாம் என்று தள்ளிவைப்பதே இதற்குக் காரணம் என நினைக்கிறேன். மாணவர் இரண்டாவது விளக்கை எரியவைக்கும் அன்றே அணியைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அதற்கான கரும்பலகை நம் ஊரிலேயே இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டின் வளவில் ஒரே அளவிலான அறைகள் வரிசையாக அமைந்திருப்பதை நம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். முதல் அறை இருக்குமிடமும் ஓர் அறையின் அகலமும் தெரிந்தால் எந்த அறையின் வாசலையும் கணக்கிட்டுவிடலாம். நினைவகத்தில் அணியும் அப்படியே அடுக்கப்படுகிறது. எண்ணிக்கை ஏன் சுழியத்தில் தொடங்குகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். முதல் அறையை அடைய எத்தனை அறைகளைக் கடக்க வேண்டும் என்று திருப்பிக் கேளுங்கள். விடையை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

எல்லையைப் பற்றிய பாடத்தை மட்டும் விரைந்து கடந்துவிடாதீர்கள். ஒரு கண்காட்சியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஊருணியின் நீர்மட்டத்தை மீயொலி உணரியால் அளந்து, நீர் குறைந்தால் ஒலியெழுப்பி, எத்தனை முறை எச்சரித்தது என்பதையும் திரையில் காட்டும் கருவியைச் செய்திருந்தாள். எச்சரிக்கை ஒருமுறைகூட ஒலிக்காதபோதே திரையில் 187 என்று நின்றது. பலகை பழுது என்று நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். அவளும் அதற்குள் இரண்டு முறை பலகையை மாற்றியிருந்தாள். நிரலைப் பார்த்தேன். ஐந்து இடங்கள் கொண்ட அணியை நிரப்பும் மடக்கில் (loop), ‘ஐந்தைவிடச் சிறியது’ என்றிருக்க வேண்டிய நிபந்தனை ‘சிறியது அல்லது சமம்’ என்றிருந்தது. ஆறாவதாக அளந்த 187 சென்டிமீட்டர், அணிக்கு வெளியே, அடுத்திருந்த எண்ணிக்கை மாறியின்மேல் எழுதப்பட்டுவிட்டது. சி++ மொழியில் சாதாரண அணியின் எல்லையை ஓட்டத்தின்போது காவல் காப்பவர் யாருமில்லை. பிழைச் செய்தியும் வராது. இதை யாராவது அவளுக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அவள் உழைப்பு வீணாகியிருக்காது என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இடத்தின் அருமையையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். ஊனோவிலுள்ள ஏடிமெகா328பி சில்லில் மாறிகளுக்கான நினைவகம் 2,048 பைட்டுகள்தாம். அதில் இன்ட் எனப்படும் ஒரு முழு எண் மாறி 2 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், நிமிடத்துக்கு ஒன்றாக ஒரு நாளின் 1,440 அளவுகளைச் சேமிக்க 2,880 பைட்டுகள் தேவை, அது நடக்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 288 அளவுகள், 576 பைட்டுகள். அளவு 255ஐத் தாண்டாது எனில் ஒரே பைட்டில் அடங்கும் பைட் வகை மாறியில் 288 பைட்டுகளே போதும். இந்தக் கணக்கை மாணவர்கள் தாளில் போட்ட பிறகு, நிரலைத் தொகுக்கும்போது மென்பொருள் காட்டும் நினைவகப் பயன்பாட்டோடு ஒப்பிடச் செய்யுங்கள். மாறாத அட்டவணைகளைப் புரோக்மெம் என்ற குறிச்சொல் வழியாக, நிரல் தங்கும் 32 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகத்தில் வைக்கலாம் என்பதைப் பிறகு சொன்னால் போதும்.

அந்த மாணவியின் கருவிக்கு அணி ஏன் தேவைப்பட்டது என்பதும் நல்ல பாடம். உணரி அனுப்பும் ஒலியின் எதிரொலி திரும்பாவிட்டால், அந்த நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் செயற்கூறு 0 என்று தரும். நான்கு முறை 187, ஒருமுறை 0 என்று வந்தால் சராசரி 150க்கு இறங்கிவிடும். ஐந்தையும் ஏறுவரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால் 187 நிலைத்து நிற்கும். புதிய அளவு வரும்போது மிகப் பழையதன் இடத்தில் அதை எழுத, அணியில் இடத்தைக் குறிக்கும் சுட்டெண்ணோடு ஒன்றைக் கூட்டி ஐந்தால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். பல்லாங்குழியில் கடைசிக் குழியைத் தாண்டிய கை மீண்டும் முதல் குழிக்கு வருவதும் இதே கணக்குத்தான். வரிசைப்படுத்துவதை மட்டும் வேறோர் அணியில் படியெடுத்துச் செய்யச் சொல்லுங்கள். மூல அணியிலேயே செய்தால் எது பழையது என்பது குழம்பிவிடும்.

அடுத்த கண்காட்சியில் கருவி ஓடுகிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், நிரலையும் மாணவரோடு அமர்ந்து வாசித்து மதிப்பெண் இடுமாறு நடுவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். ஐந்து அளவுகளை ஒன்பதாக மாற்றிக் காட்டு என்று கேளுங்கள். அணியைச் சரியாகக் கற்ற பிள்ளை ஒரே ஓர் எண்ணை மாற்றி ஓடவைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுப் பொறியாளர் ஒருவர்,
காரைக்குடி.