மணியாச்சி வழக்கில் இன்னொரு தீர்ப்பும் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருநெல்வேலி கலெக்டராக இருந்த ஆஷின் கொலை வழக்கு பற்றிப் போன வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கொலைகாரர்களுக்கு உரிய தண்டனை கிடைத்துவிட்டது என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். என்னால் அதை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். அங்கேயே கழிப்பறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்துவிட்டார். ஆக, சுட்டவரை எந்தக் கோர்ட்டும் விசாரிக்கவே இல்லை. சென்னையில் கூண்டில் நின்றது வேறு பதினான்கு பேர். குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதலாமவர் நீலகண்ட பிரம்மச்சாரி. கொலை நடந்தபோது அவர் வடக்கே எங்கோ இருந்தார். ஏழு ஆண்டுக் கடுங்காவல் அவருக்குத்தான் விழுந்தது. அவரோடு சேர்த்து நிறுத்தப்பட்டவர்கள் மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை, சாவடி அருணாசலம் பிள்ளை, வந்தேமாதரம் சுப்பிரமணிய ஐயர் என்று பெரும்பாலும் நம் பக்கத்து ஆட்கள்.

இவர்களுக்கு எதிராக என்ன இருந்தது? சில கடிதங்கள், துண்டுப் பிரசுரங்கள். மற்றபடி வழக்கின் முதுகெலும்பே அப்ரூவர் சாட்சியம்தான், அதாவது சதியில் உடந்தையாக இருந்துவிட்டுத் தான் தப்புவதற்காக அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவர் சொன்னது. காளி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, குங்குமம் கரைத்த தண்ணீரை வெள்ளைக்காரன் ரத்தம் என்று சொல்லிக் குடித்து, விரலைக் கீறிக் காகிதத்தில் ரத்தம் வைத்துச் சத்தியம் செய்தார்கள் என்று அப்ரூவர் சொன்ன கதை இன்றைக்கும் நம் ஊர் மேடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சொன்னவர் போலீஸ் பிடித்த பிறகு சொன்னார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். அப்ரூவர் சாட்சி சொல்வதை நேரில் பார்த்திருக்கிறேன். தேதி, நேரம், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது வரை தடங்கலில்லாமல் வரும். குறுக்கு விசாரணையில் அன்று மழை பெய்ததா என்று கேட்டால் விழிப்பார். அவர் பொய்தான் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒருவர் பேசும்போது, வேறு ஆதாரம் கையில் இல்லாமல் அதை நம்பலாமா? அன்றைய சாட்சியச் சட்டமே இதில் எச்சரிக்கை செய்தது. உடந்தையாக இருந்தவரின் சாட்சியத்தை, முக்கியமான விவரங்களில் வேறு ஆதாரம் ஒத்துவந்தால் ஒழிய, நம்பத் தகாததாகக் கோர்ட் கருதலாம் என்றது அதன் 114ஆம் பிரிவின் உதாரணம்.

விசாரணை நடந்த விதமும் சாதாரணமானதல்ல. 1908இல் வந்த தனிச் சட்டத்தின்படி மூன்று நீதிபதிகள் உட்கார்ந்தார்கள், ஜூரி கிடையாது. அந்த மூவருமே ஒத்துப்போகவில்லை! தலைமை நீதிபதி ஆர்னால்ட் வைட்டும் அய்லிங்கும் ஒரு பக்கம். சங்கரன் நாயர் அவர்களோடு மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். சர்க்காருக்கு வேண்டாதவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. பின்னாளில் வைஸ்ராயின் நிர்வாக சபையிலேயே உறுப்பினராக இருந்தவர். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு 1919இல் அந்தப் பதவியை உதறிவிட்டு வந்தவர். ஒரே சாட்சியங்களைக் கேட்ட மூன்று பேரில், அப்படிப்பட்ட ஒருவருக்கே மனம் ஒப்பாத தீர்ப்பை நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டுமா?

ஆஷ் கொல்லப்பட்டது சரிதான் என்று வாதாட நான் வரவில்லை. மனைவி பக்கத்தில் இருக்கும்போது ஒரு மனிதரைச் சுட்டது கொலைதான். வாஞ்சியின் சட்டைப் பையிலிருந்த கடிதத்தின் வாசகமும் எனக்கு உவப்பானதல்ல. அது தனி விவாதம், தாராளமாக நடக்கட்டும். ஆனால் வாஞ்சி செய்ததற்கான பழியை அந்தப் பதினான்கு பேர் தலையிலும் மொத்தமாகக் கட்டுவது எந்த ஊர் நியாயம்? அதிலும் சிலரை அந்தக் கோர்ட்டே விடுதலை செய்திருக்கிறது. தண்டனை பெற்றவர்களும் உள்ளே போனது அரசுக்கு எதிரான சதி என்ற பெயரில்தான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பின் 35ஆம் தொகுதியில் இந்த வழக்கு அச்சாகியிருக்கிறது. பெரும்பான்மைத் தீர்ப்பின் முக்கியப் பகுதிகளையும் சங்கரன் நாயரின் தீர்ப்பையும் தமிழாக்கி, ஒரே இதழில் சேர்த்து வெளியிடுங்கள். சட்டச் சொற்களுக்குத் தமிழ் வேண்டுமென்றால் என்னாலான உதவியைச் செய்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
தென்காசி