நூறு கடைக்கு ஒரே டேபிள், நடுவில் சுவர் எங்கே?

பெங்களூரில் பில்லிங் மென்பொருள் நடத்தும் தமிழ் நண்பர்களுக்கு,

உங்களில் சிலரிடம் டேட்டாபேஸ் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். சிவாஜிநகர் கடைக்காரரிடம் உங்கள் விற்பனை ஆள் போய், "உங்க டேட்டா தனி அண்ணே, வேற யாரும் பார்க்க முடியாது" என்கிறார். உள்ளே வந்து பார்த்தால் எல்லாக் கடைகளின் பில்லும் ஒரே டேபிளில் கிடக்கிறது, அவற்றைப் பிரித்துக் காட்டுவது ஒவ்வொரு க்வெரியிலும் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியிலும்) எழுத வேண்டிய ஒரு டெனன்ட் ஐடி, அதாவது கடையின் அடையாள எண், நிபந்தனை மட்டும்தான். ஒரே டேபிள் தப்பு என்று சொல்லவில்லை. மாதம் சில நூறு ரூபாய் கட்டுகிறவருக்குத் தனி சர்வர் கொடுத்தால் உங்களுக்குக் கட்டுப்படியாகாது, சரி. அதற்காக, போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பையன் அந்த நிபந்தனையை மறக்காமல் எழுதுவான் என்று நம்பியா கடையை நடத்துவது?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 2016இல் வந்த 9.5 பதிப்பிலிருந்தே ரோ லெவல் செக்யூரிட்டி, அதாவது டேபிளின் எந்தப் பதிவை யார் பார்க்கலாம் என்ற விதி, இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், க்வெரியில் நிபந்தனை விட்டுப்போனாலும் அடுத்தவர் பதிவுகளை டேட்டாபேஸே மறைத்துவிடும். "அதெல்லாம் போட்டாச்சு" என்பவர்கள் உங்கள் ஆப் எந்த யூசராக உள்ளே போகிறது என்று ஒருமுறை பாருங்கள். டேபிளின் ஓனராகப் போனால் அந்த விதி செல்லாது, ஃபோர்ஸ் என்று தனியாகச் சொல்ல வேண்டும். எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசர் என்றால் அதுவும் பலிக்காது. அப்புறம் கனெக்‌ஷன் பூல், அதாவது பலர் மாறி மாறி எடுத்துப் பயன்படுத்தும் டேட்டாபேஸ் இணைப்புகள். வாடிக்கையாளர் யார் என்று செஷனில் செட் செய்துவிட்டு, துடைக்காமல் கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடுத்தால், அடுத்து அதை எடுப்பவருக்கு முந்தையவரின் கணக்கு திறந்துகொள்ளும். டிரான்சாக்‌ஷனுக்குள் செட் லோக்கல் போட்டால், அது முடிந்ததும் அந்த மதிப்பு தானே அழிந்துவிடும், இந்தத் தொல்லை இல்லை.

நம் அளவுக்கு இதெல்லாம் நடக்காது என்பவர்களுக்கு: 2023 மார்ச்சில் சாட்ஜிபிடியில் ஒருவரின் உரையாடல் தலைப்புகள் இன்னொருவருக்குத் தெரிந்தன. காரணம், ரெடிஸ் என்ற கேஷ் (அடிக்கடி கேட்கும் தகவலைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) மென்பொருளோடு பேசும் லைப்ரரியில் இருந்த ஒரு பிழை. பாதியில் ரத்தான கோரிக்கைக்கு வந்த பதில், பகிர்ந்த கனெக்‌ஷனில் தங்கி, வேறொருவரிடம் போய்விட்டது. கேஷையும் சோதியுங்கள் என்று நான் நச்சரிப்பது அதனால்தான்.

சட்டம் வேறு இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆனால் கடையின் சார்பில் அந்தத் தரவைக் கையாள்வது நீங்கள் என்றாலும், அந்தச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். உங்கள் விற்பனை ஆளை நம்பிய அதே அண்ணன்!

ஒன்று செய்யுங்கள். ஒரு கடையின் பெயரில் லாகின் செய்து, இன்னொரு கடையின் பில் எண்களைக் கேட்டுப் பார்க்கும் டெஸ்டை ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஓட விடுங்கள், ஒன்று கசிந்தாலும் ரிலீஸ் நிற்கட்டும். இன்னொன்று, ஒரே ஒருவர் தன் ஸ்டாக்கைத் தெரியாமல் அழித்துவிட்டு நேற்றைய கணக்கைக் கேட்டால் என்ன செய்வீர்கள்? முழு பேக்கப்பையும் வேறு சர்வரில் ஏற்றி, அவருடைய பதிவுகளை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஜிஎஸ்டி கட்டும் 20ஆம் தேதி அதை முதல்முறையாக முயன்று பார்க்காமல், இப்போதே ஒத்திகை பார்த்து, எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள்.