துதிக்கை வைத்த ‘லை’

அன்புள்ள ஆர்ட்டிஸ்ட் மாமாவுக்கு,

நலம்தானே? அத்தைக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

போன மாதம் உங்களுக்குப் பாராட்டு விழா நடத்தினார்களே, அன்று நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடைக்குப் பின்னால் பன்னிரண்டடி பிளெக்ஸ். அதில் உங்கள் படத்துக்குக் கீழே ‘ஒவியர்’ என்று போட்டிருந்தார்கள். நீங்கள் நாற்காலியில் உட்காரும் முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. சால்வை போட்டார்கள், மாலை போட்டார்கள். உங்கள் ஆள்காட்டி விரல் மட்டும் நாற்காலிக் கையில் ஒரு சுழி போட்டுக்கொண்டே இருந்தது. விடுபட்டுப்போன ‘ஓ’வின் சுழி.

பேசியவர்கள் எல்லோரும் ‘கலைச்சேவை’ என்றார்கள். என்ன செய்தீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன். தப்பு இருந்தால் திட்டுங்கள்.

1965-இல் சேலத்திலிருந்து நம் மாவட்டம் பிரிந்தபோது உங்களுக்கு இருபத்துநான்கு வயது. பாலக்கோடு சுற்றுவட்டார போர்டுகளில் ‘சேலம் மாவட்டம்’ என்பதை அழித்து ‘தர்மபுரி மாவட்டம்’ என்று எழுதியதுதான் உங்கள் முதல் பெரிய வேலை என்று சொல்வீர்கள். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதும் காவேரிப்பட்டணம் பக்கம் போய் அதே வேலையைத் திரும்பவும் செய்தீர்கள். ‘தர்மபுரி’யா ‘தருமபுரி’யா என்று நான் கேட்டதற்கு, “எப்படி எழுதினாலும் அஞ்சு எழுத்துதான், கூலி மாறாது” என்றீர்கள்.

கூலி வாங்கிய வேலைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் குறையில்லை. டீக்கடை, உரக்கடை, பஸ்ஸின் ஊர்ப் பலகை, ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ சிவப்பு முக்கோணம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். நான் பள்ளிக்கூட லீவில் உங்கள் பின்னால் பெயிண்ட் டப்பா தூக்கிக்கொண்டு அலைந்தவன். வெள்ளையடித்த சுவரில் நீலப்பொடி தோய்த்த நூலின் ஒரு முனையை என்னிடம் கொடுப்பீர்கள். இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் ‘டப்’பென்று நேர்கோடு விழும். பாதிப் பொடி என் மூக்கில் இருக்கும்.

கூலி வாங்காத வேலைகள்தான் அதிகம்.

அறிவொளி வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? தொண்ணூறுகளில், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், கோயில் திண்ணையில் விளக்கு வைத்து நடக்கும். அட்டைகள் எல்லாம் உங்கள் கையெழுத்து. அம்மா அதுவரை கைநாட்டு. அவள் பெயரில் ஒரு ‘லை’ வரும். அதுதான் அவளுக்கு வரவே இல்லை. முன்னால் போடுகிற கொம்பை ஒருநாள் பின்னால் போடுவாள், ஒருநாள் மறந்துவிடுவாள். நீங்கள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, பழைய ‘லை’யை எழுதிக் காட்டினீர்கள். “இது யானை அக்கா. துதிக்கையைத் தூக்கிட்டு நிக்குது, பாருங்க.” அன்றைக்கே வந்துவிட்டது.

அந்த எழுத்தை அரசாங்கமே 1978-இல் கழற்றிவிட்டிருந்தது. பெரியார் பல வருடம் தம் பத்திரிகையில் எழுதிக் காட்டிய சீர்திருத்தம் அது. ணை, லை, ளை, னை நான்கும் துதிக்கையை இழந்தன. ஆணை சரி, கை கேட்க வேண்டுமே. அப்புறம் வெகுநாள்வரை ‘விலை’ என்று எழுதினால் துதிக்கை தானாக முளைத்துவிடும், துணியில் டர்பன்டைன் நனைத்துத் துடைப்பேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். துடைத்ததையெல்லாம் சேர்த்து என் அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள் போல. இன்றைக்கும் பாங்கில் அவள் கையெழுத்தில் யானை நிற்கிறது. கவுண்டரில் இருக்கும் பெண், “இது என்ன எழுத்தும்மா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறது. அம்மாவும் ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்கிறாள். பின்னால் வரிசை நிற்கும்.

அப்புறம் அந்தப் பள்ளிக்கூடச் சுவர். ‘சுத்தமான குடிநீர்’ என்று தலைப்புப் போட்டு, டம்ளரோடு சிரிக்கும் பையன் ஒருவனை வரைந்தீர்கள். பல் பளபளவென்று வெள்ளை. நாங்கள் எல்லோரும் கைகொட்டிச் சிரித்தோம். “யார் மாமா இவன், வெளியூரா?” என்று நான்தான் கேட்டேன். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பார்கள். பல் உருவாகிற வயதில் அதற்கு மேல் உள்ளதைக் குடித்து வளர்ந்தால் கறை பல்லுக்குள்ளேயே ஏறிவிடும். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குப் பழுப்புப் பல். நீங்கள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தீர்கள். “வாயைத் திற” என்றீர்கள். ஏணியில் ஏறி, காவியில் கொஞ்சம் கறுப்புக் கலந்து, என் பல்லைப் பார்த்துப் பார்த்து அந்தப் பையனின் பல்லில் ஒவ்வொரு கோடாக இழுத்தீர்கள். முடித்துவிட்டு, “என் எனாமல் தேய்ச்சா போயிடும், உன் எனாமல் போகாதுடா கண்ணு” என்றீர்கள்.

அப்போது அவமானமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. ஆனால் மனுக் கொடுக்கப் போன பெரியவர்கள் எடுத்துக்கொண்டு போனது அந்தச் சுவரின் போட்டோவைத்தான். அதனால்தான் தண்ணீர் வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிக் கதை கட்டினால் நீங்களே அடிப்பீர்கள். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் திறக்கப்படுவதற்குள் எங்கள் தலைமுறைக்குப் பல் எல்லாம் முளைத்து முடிந்துவிட்டது. ஓசூரில் என் மகளுக்குப் பல் பால்போல இருக்கிறது. நான் இன்னும் போட்டோவுக்கு வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறேன்.

இந்த இலவச வேலைக்கெல்லாம் வீட்டில் யார் ஈடு கட்டினார்கள்? அத்தை இரண்டு மாடு வைத்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான் உங்கள் மூன்று பிள்ளைகளும் படித்தார்கள். அன்றைக்கு முதல் சால்வை அத்தைக்குப் போட்டிருக்க வேண்டும். அத்தைக்கு மேடையில் நாற்காலியே இல்லை. இதில் உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

பிளெக்ஸ் வந்து தொழில் போனபோதுகூட நீங்கள் புலம்பி நான் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் துரியோதனன் என்று நினைக்கிறேன். பாரதக் கூத்தின் பதினெட்டாம் நாள் படுகளத்துக்கு, திடலில் மண்ணைக் குழைத்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனை ஆட்கள் செய்வார்கள். முகம் எழுதுவது நீங்கள். மார்பு மேல் பலகை போட்டு, அதில் குப்புறப் படுத்துக்கொண்டு, மீசையை மட்டும் ஒரு மணி நேரம் எழுதுவீர்கள். ராத்திரி முழுக்க வேலை. மறுநாள் பீமன் வந்து தொடையில் அடித்ததும் எல்லாம் முடிந்தது. ஜனம் மண்ணைப் பிடி பிடியாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடும். “இவ்வளவு அழகா எழுதிட்டு உடைக்க விடறீங்களே” என்று கேட்டால், “உடைக்கத்தானேடா எழுதறது” என்பீர்கள். ஒவ்வொரு வருடமும் புது மீசை.

இந்தச் சித்திரைக்குக் கை நடுங்குகிறது, வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினீர்களாமே. வேண்டாம் மாமா. நான் நான்கு நாள் லீவு சொல்லிவிட்டேன். கலர் நான் கலக்குகிறேன், கன்னத்துக்கும் நெற்றிக்கும் நான் பூசிவிடுகிறேன், பலகையைப் பிடித்துக்கொள்கிறேன். கண்ணும் மீசையும் மட்டும் நீங்கள். கொஞ்சம் நடுங்கினால்தான் என்ன, சாகக் கிடக்கிறவன்தானே.

அம்மாவும் வருகிறாள். அந்தப் பன்னிரண்டடி பிளெக்ஸைத் தூக்கிப் போட்டுவிடாமல் எடுத்து வைக்கச் சொன்னாள். ராத்திரி கோடை மழை வந்தால் துரியோதனன் மேல் போர்த்தலாமாம்.

இப்படிக்கு,
வாயைத் திறந்து காட்டிய பையன்