முற்றுகையில் பிழைத்த கஞ்சா விதை

அன்புள்ள முருகேசா,

இவ்வளவு நாள் பேச்சுமூச்சு இல்லாமல் இருந்ததற்கு நன்றாகத் திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம். செல்வி கல்யாணத்துக்கு நீ வரவில்லை என்று ராசு மாமா இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறார், அதை நீயே வந்து சரிக்கட்டு.

நான் சொல்ல வந்தது வேறு. நம் தாவரவியல் வாத்தியார் ஒரு வகுப்பு முழுக்க, உலகம் சுற்றிப் பயிர் விதைகளைச் சேகரித்து லெனின்கிராடில் விதை வங்கி வைத்த ரஷ்ய விஞ்ஞானி வவிலோவ் கதை சொன்னாரே, நீகூடத் தூங்காமல் கேட்டாயே! இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படை போட்ட லெனின்கிராடு முற்றுகை 872 நாள். அந்த வங்கியில் நெல் ரகங்களைக் காத்த இவானோவ் அத்தனை நெல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பட்டினியில் செத்தார். அதற்கு முன்பே கைதான வவிலோவ் 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் போய்ச் சேர்ந்தார். அந்த விதை வங்கியில் கஞ்சா விதையும் இருந்தது என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

சிரிக்காதே. ரஷ்யாவில் கயிறு, பாய்த்துணி, சமையல் எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் பயிரிட்ட செடி அது. 1924இல் ஆப்கானிஸ்தான் போன வவிலோவ் அங்கே தானாக வளர்ந்து கிடந்த கஞ்சாவையும் விட்டுவைக்காமல் குறித்துக்கொண்டு வந்தார்.

ஆனால் என்னை ஆட்டிவைத்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். இந்த விதையில் எண்ணெய் அதிகம், சாதாரணமாக வைத்தால் சில வருஷத்திலேயே முளைப்புத்திறன் போய்விடும். அதனால் அவ்வப்போது விதைத்துப் புது விதை எடுத்தே ஆகவேண்டும். அதுவும் லேசில்லை: ஆண் செடி வேறு, பெண் செடி வேறு, மகரந்தமோ காற்றில் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும், இரண்டு ரகத்தைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரண்டுமே கலந்து கெட்டுவிடும். ஒவ்வொரு ரகத்தையும் தனியே, அதுவும் போதுமான எண்ணிக்கையில் வளர்க்கவேண்டும். சோவியத் உடைந்து சம்பளத்துக்கே காசில்லாதபோது இதற்கு யார் கொடுப்பார்கள்? 1990களில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து சர்வதேச ஹெம்ப் (நாருக்கும் விதைக்கும் வளர்க்கும் கஞ்சா) சங்கம் கைகொடுத்துத்தான் அந்த ரகங்களை மறுபடி விதைத்தார்கள்.

அமெரிக்காவை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. லிஸ்டர் டூவி என்ற விஞ்ஞானி ஆர்லிங்டன் அரசுப் பண்ணையில் வருஷக்கணக்காகத் தேர்ந்தெடுத்து, கிமிங்டன், சைனாமிங்டன் என்று அருமையான நார் ரகங்களை உருவாக்கினார். 1937இல் கஞ்சா மீதான வரிச் சட்டம் வந்து பயிரை முடக்கியது, பண்ணை இருந்த இடத்தில் ராணுவத் தலைமையகமான பெண்டகன் எழும்பியது, அந்த ரகங்கள் அடியோடு போயின. அங்கே யாரும் பட்டினி கிடக்கவில்லை முருகேசா, குண்டும் விழவில்லை, விதைக்க விடவில்லை, அவ்வளவுதான். இப்போது நியூயார்க் மாநிலத்து ஜெனிவாவில் அரசே ஹெம்ப் விதைகளைப் புதிதாகச் சேகரிக்கிறது. சேகரிக்கட்டும், நல்லதுதான், ஆனால் டூவியின் விதை திரும்பி வராதே.

அப்புறம், உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். உங்கள் ஆபீஸ் குளிர் அறையில் எள்ளும் கடலையும் நாட்டு ரகமாக வைத்திருக்கிறோம் என்று போன தடவை அவ்வளவு பெருமையாகச் சொன்னாயே, அவையும் எண்ணெய் வித்துதானே, கடைசியாக எப்போது எடுத்து விதைத்தீர்கள்? முளைப்புச் சோதனையாவது நடக்கிறதா? வழக்கம்போல "பார்க்கலாம்" என்று ஒற்றை வரியில் முடிக்காமல் ரகவாரியாக எழுது.

அன்புடன்,
சங்கரன்