147 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக மனநல நாளை ஒட்டி அக்டோபர் 10 அன்று தங்கள் நாளிதழில் வந்த முழுப் பக்கத்தைப் படித்தேன். நன்றாகத் தூங்குங்கள், காலையில் நடங்கள், மனம்விட்டுப் பேசுங்கள், தேவைப்பட்டால் 14416-க்கு அழையுங்கள் என்று போட்டிருந்தீர்கள். எல்லாம் சரி. அந்த எண்ணுக்கு நானும் ஒரு ராத்திரி பேசியிருக்கிறேன், பொறுமையாகத்தான் கேட்டார்கள். ஆனால் பக்கம் முழுக்கத் தேடியும் காசைப் பற்றி ஒரு வரி கண்ணில் படவில்லை. சம்பாதிக்கிறவருக்கே நோய் வந்துவிட்டால் அடுத்த மாத வாடகைக்கு அந்த வீட்டார் என்ன செய்வார்கள்? அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 44. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். 2020 கடைசியில் நோய் வந்தது. பைபோலார் என்றார் டாக்டர். முதலில் ஆளை மேலே தூக்கிக்கொண்டு போகும், அப்புறம் அங்கிருந்து கீழே போட்டுவிடும். மேலே இருந்த ஆறு வாரத்தில் நான் பதினோரு டேபிள் ஃபேன் வாங்கினேன். ஏன் பதினொன்று என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு மனைக்கு அட்வான்ஸ் வேறு. கிரெடிட் கார்டில் மட்டும் 1,83,000 ரூபாய் ஏறியிருந்தது. பிறகு கீழே விழுந்தபோது பாயைவிட்டு எழவே முடியவில்லை.

அந்த நிலையில்தான், 2021 பிப்ரவரியில் ஒருநாள், ஆபீசுக்குப் போய் மூன்று வரியில் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று. எனக்கு உடம்பு சரியில்லை என்பது மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். முந்தின மாதம்தான் ஒரு காரணமும் இல்லாமல் ஆளுக்கு அரைக் கிலோ மைசூர்பாகு கொடுத்திருந்தேன். ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ராஜினாமாவை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒரு மாத நோட்டீஸ் கொடுக்கவில்லை என்று அந்தச் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார்கள். என் மனைவிக்கு விஷயம் தெரியவந்தது நான்கு நாள் கழித்து.

இனிமேல்தான் எனக்கே வெட்கமான பகுதி. அந்தக் கம்பெனியில் மாதாமாதம் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுப் பணம் கட்டிய ஆளே நான்தான். அறுபத்துச் சொச்சம் பேருக்குக் கணக்குப் போட்டு 15-ம் தேதிக்குள் சலான் எடுப்பேன். தேதி தவறினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்பது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் சம்பளம் 19,500. அதில் முக்கால் சதவீதம், முழு ரூபாயாக்கினால் 147, என் கணக்கில் பிடித்தம். கம்பெனி பங்கு மூன்றேகால் சதவீதம். கட்டுவது எப்படி என்பது அத்துப்படி. கட்டினால் என்ன கிடைக்கும் என்று ஒருநாள்கூடப் படித்துப் பார்த்ததில்லை. காய்ச்சல் வந்தால் வரிசையில் நின்று மாத்திரை வாங்கலாம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா? கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் புற நோயாளிகள் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா. மடியில் மஞ்சப்பை, அதற்குள் பிளாஸ்டிக் கவரில் ஒரு கத்தைக் காகிதம். மகன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன், மனச்சிதைவு நோய். "இஎஸ்ஐல இருந்து சம்பளத்துல முக்காவாசிக்கு மேல வருதுப்பா. அதுலதான் அடுப்பு எரியுது. உனக்கும் வருதில்ல?" என்றார். நான் ராஜினாமா செய்துவிட்டதைச் சொன்னேன். "ஐயோ, எழுதிக் குடுத்துட்டியா தம்பி" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். அதற்குள் ராஜினாமா செய்து ஒன்றரை வருஷம் ஓடியிருந்தது.

விஷயம் இதுதான். நோய்வாய்ப்பட்டு வேலைக்குப் போக முடியாத தொழிலாளிக்கு இஎஸ்ஐ ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கொடுக்கிறது. அதோடு முடியவில்லை. காசநோய், புற்றுநோய் என்று 34 நீண்டகால நோய்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். குறைந்தது இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்து பணம் கட்டியவராக இருந்தால், அந்த நோய்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டுவரை நீட்டிக்கலாம். மனச்சிதைவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. என் நோயும் 'மேனிக் டிப்ரெசிவ் சைக்கோசிஸ்' என்ற பழைய பெயரில் இருக்கிறது. நான் விலகியபோது இருந்த இஎஸ்ஐ சட்டப்படி, நோய்க்காலப் பணம் வாங்கிக்கொண்டிருப்பவரை முதலாளி வேலையைவிட்டு நீக்கவும் முடியாது. முதல் 91 நாள் மாதம் பதிமூன்றாயிரத்துக்கு மேலும், அதன்பின் பதினைந்தாயிரத்துக்கு மேலும் வந்திருக்கும், வேலையும் இருந்திருக்கும். அயனாவரத்தில் இஎஸ்ஐ மருத்துவமனையைத் தாண்டித்தான் நான் தினமும் காய்கறி வாங்கப் போகிறேன்.

அந்த இரண்டு வருஷத்தை வீட்டில் எப்படி ஓட்டினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிஎஃப் பணம் கிரெடிட் கார்டுக்குப் போனது. வசூல் ஆட்கள் ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் போன் செய்வார்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருப்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. வளையல், செயின் எல்லாம் இரண்டு வட்டிக்கு அடகுக் கடையில். அதில் என் அம்மா பேத்திக்குப் போட்ட இரண்டு சவரன் செயின் முழுகியே போய்விட்டது. மகளை ஆறாம் வகுப்பில் மாநகராட்சிப் பள்ளிக்கு மாற்றினோம். நான்தான் கூனிக் குறுகினேன், அவள் சட்டென்று ஒட்டிக்கொண்டாள். அரசுப் பள்ளியிலேயே பிளஸ் டூ முடித்தால் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும் என்று இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். அப்பன் புத்தி.

என் மனைவி இட்லி மாவு அரைத்து விற்கிறாள். நாலரை மணிக்கு கிரைண்டர் ஓடத் தொடங்கும். பாக்கெட் போடுவது, நாலு தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, கணக்கு எழுதுவது என் வேலை. மாதம் ஒன்பதாயிரம், நல்ல மாதமாக இருந்தால் பதினொன்று நிற்கும். 15-ம் தேதி அவளுக்கு வரும் மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் அப்படியே உளுந்துக்குப் போகிறது. எனக்கு மாத்திரை கீழ்ப்பாக்கத்தில் இலவசம், அந்த மாத்திரையில் உள்ள லித்தியம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனையும் அங்கேயே. அந்த மாத்திரையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தால் எப்போதோ நிறுத்தியிருப்பேன். ஃபேன்களில் எட்டை விற்றாயிற்று, ஒன்று கிரைண்டர் பக்கத்தில் சுற்றுகிறது, இரண்டு பரண்மேல்.

நான் தேறி நாலு வருஷமாகிறது. வேலைதான் கிடைக்கவில்லை. இடைவெளி என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் நின்றுவிடுகிறது. கிண்டியில் ஒரு நேர்முகத் தேர்வில், "இத்தனை வருஷமா என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டதற்கு, ஊரில் விவசாயம் பார்த்தேன் என்று புளுகினேன். கேட்டவர் திண்டிவனத்துக்காரர். முகம் மலர்ந்துவிட்டது. "என்ன பயிரு?" "மல்லாட்டைங்க." "எந்தப் பட்டம்?" எனக்குத் தெரிந்த ஒரே பட்டம் பி.காம். முழித்தேன். அடுத்த இடத்தில் உண்மையைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை அந்தப் பெண் மூடி வைத்தார். "நாங்களே கூப்பிடறோம் சார்."

இதற்கிடையில் தொழிலும் ஓடிப்போய்விட்டது. நான் விலகியபோது இ-இன்வாய்ஸ், அதாவது ஜிஎஸ்டிக்காக ஆன்லைனில் பதிவு செய்யும் பில், 100 கோடி டர்ன்ஓவர் தாண்டிய கம்பெனிகளுக்குத்தான். 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடி தாண்டினாலே கட்டாயம். மகளின் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் அதைக் கற்றுக்கொண்டேன்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கலாமே என்று சிலர் சொன்னார்கள். 2016 சட்டத்தில் மனநோயும் உண்டு, அரசு வேலையில் இடஒதுக்கீடும் உண்டு. அதற்குப் பாதிப்பு குறைந்தது 40 சதவீதம் என்று சான்றிதழில் வர வேண்டும். தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக் குளித்து முழுகிப் போனேன், 40-ஐத் தொடவில்லை. டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் உள்ளதைத்தான் எழுதினார். வேலை கொடுப்பவருக்கு நான் நோயாளி, சான்றிதழுக்கு நான் நல்லபடியாக இருக்கிறேன், அவ்வளவுதான்.

தங்கள் வாசகர்களில் கம்பெனிகளின் மனிதவளப் பிரிவில் இருப்பவர்களும் இருப்பார்கள். உடம்பு சரியில்லை என்று உங்களுக்கே தெரிந்த ஒருவர் ராஜினாமா நீட்டினால், தயவுசெய்து அதை ஒரு மாதம் டிராயரில் போட்டு வையுங்கள். வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். இஎஸ்ஐ இருக்கிறதே, கேட்டுப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதைத் தொழிலாளர் துறை ஒரு விதியாகவே போட்டால் இன்னும் நல்லது. வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இஎஸ்ஐ என்று ஒரு வரி இருந்தால், ராஜினாமாவுக்கு முன்னால் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போய் விசாரியுங்கள். அடுத்த அக்டோபரில் அந்தப் பக்கத்தைப் போடும்போது நடைப்பயிற்சிக்குப் பக்கத்திலேயே இதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட முடியுமா?

என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம். வரும் வியாழக்கிழமை பாடியில் ஒரு இன்டர்வியூ இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அயனாவரம், சென்னை – 23